நேற்றுப் பிடித்த தண்ணீர்

மார்ச் 2, ஞாயிறு

அண்ணா,

இந்தக் கடிதத்தை ‘அன்புள்ள’ என்று தொடங்கவில்லை. நான் கோபமாக இருக்கிறேன். அது முதல் வரியிலேயே உனக்குத் தெரிந்துவிட வேண்டும்.

நீ எங்கே வேலை பார்க்கிறாய் என்பது அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவது மாடித் தையல்காரர் நூல் வாங்கப் போயிருக்கிறார். நம் பழைய தெருவை இடித்துவிட்டுத் தகரம் அடைத்திருக்கிறார்களே, அந்த வாசலில் உன்னை மஞ்சள் தொப்பியோடு பார்த்திருக்கிறார். “உங்க பையன் அங்கதான் கம்பி கட்டுறான் போல” என்று படிக்கட்டில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். அப்பா சத்தம் போடவில்லை. பாதிச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளி வைத்தார்.

“நம்மள இடிச்ச இடத்துல கூலி வாங்குறவன் இந்தப் படி ஏற வேணாம்.”

“படி ஏறாம லிஃப்ட்லயா வருவான்? அது என்னைக்கு ஓடுச்சு?” என்றாள் அம்மா. யாரும் சிரிக்கவில்லை.

எனக்கும் கோபம்தான். வேறு வேலையே கிடைக்கவில்லையா? நம் சமையலறை இருந்த இடத்தில் கம்பி நட உனக்குக் கை எப்படி வந்தது?

ஃபோனில் கேட்டிருப்பேன். வீட்டுக்கு ஒரே ஃபோன், அது அப்பாவோடு அவர் ஓட்டும் வேனில் போய்விடுகிறது. இருந்தாலும் அதைக் காதில் வைத்தால் எனக்கு வார்த்தை வருவதில்லை என்று உனக்கே தெரியும். அம்மா பள்ளிச் சமையலுக்குப் போகும் வழியில்தானே உன் வாசல். அவளிடமே கொடுத்து அனுப்புகிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாதது நமக்கு வசதி. ஆனாலும் உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள், அதை மட்டும் பொறுத்துக்கொள்.

இன்னொரு விஷயம். இதற்காகத்தான் எழுதினேன், கோபத்துக்காக அல்ல.

ஏழாவது மாடிக்குத் தண்ணீர் வருவதே இல்லை. விடிகாலை நாலு மணிக்கு மோட்டார்காரர் மேல் டேங்கின் வால்வைத் திறக்கிறார். கீழ் மாடிகளில் ‘சோ’வென்று சத்தம் கேட்கிறது. நம் குழாய் இரண்டு முறை இருமுகிறது, அவ்வளவுதான். பிறகு கீழே மோட்டார் அறைக் குழாயில் பிடித்து ஏழு மாடி தூக்குகிறேன். அம்மா வேலை முடித்து வந்ததும் அவளும் தூக்குகிறாள். அவள் முழங்கால் வீங்கி, ராத்திரி காலை நீட்டினால் மடக்க முடிவதில்லை.

அவள் முடிவு பண்ணிவிட்டாள். இந்த மாதம் முடிந்ததும் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவாளாம். பள்ளிச் சமையலறை ஸ்டோர் ரூமில் அவள் படுத்துக்கொள்வாளாம். அந்தப் பள்ளி டீச்சரின் தங்கை வீட்டில் குழந்தை பார்க்க ஆள் வேண்டுமாம், அங்கேயே தங்க வேண்டுமாம். அது நான். அப்பா வேனில். நீ ஏற்கெனவே ஷெட்டில். நாலு பேருக்கு நாலு கூரை.

நான் யார் வீட்டிலும் போய்த் தங்க மாட்டேன் அண்ணா. அங்கே தாகம் எடுத்தால்கூட எனக்குக் கேட்க வராது. வாசலில் அம்மாவைப் பார்க்கும்போது நீ சொல்.

உன் தங்கை


மார்ச் 5, புதன்

அன்புள்ள, அன்புள்ள முணுமுணுவுக்கு,

நீ போடாமல் விட்டதையும் சேர்த்து நானே இரண்டு போட்டுவிட்டேன்.

உறையை அம்மா வெளிச்சத்தில் மட்டும் பார்க்கவில்லை, ஒருமுறை உலுக்கியும் பார்த்தாள். “உள்ள என்னடா, கனமா இருக்கு?” என்றாள். “கோபம்மா” என்றேன். “அவளுக்கா?” என்று சிரித்துவிட்டுப் போனாள்.

சரி, கேள். பழைய தெருவில் இருந்தவரை வேலைக்கு நடந்து போனோம். இப்போது நம் கட்டடத்திலிருந்து நகரத்துக்கு வர இரண்டு பஸ். ஆறு மணிக்கு வாசலில் நிற்பவனுக்குத்தான் மேஸ்திரி வேலை கொடுப்பார். முதல் பஸ்ஸில் ஏறினாலும் ஏழு ஆகிவிடும். தங்க இடம் கொடுத்து வேலையும் கொடுத்தது இது ஒன்றுதான். நான் தெருவை இடிக்கவில்லை பாப்பா. இடித்த இடத்தில் எனக்கு வேலை இருந்தது. இரண்டும் ஒன்று இல்லை என்று ராத்திரியில் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். சில ராத்திரி நம்புகிறேன்.

சமையலறை என்று எழுதியிருந்தாய். அதெல்லாம் இல்லை. இங்கே தரையே இல்லை. மூன்று மாடி ஆழத்துக்குப் பள்ளம். அதுவும் கார் நிறுத்த. மனுஷனுக்கு வீடு மேலே, காருக்கு வீடு கீழே. பள்ளம் தோண்டியதும் தண்ணீர் ஊறத் தொடங்கிவிட்டது. பெரிய மோட்டார்களை வைத்து ராப்பகலாக இறைத்துத் தெருச் சாக்கடையில் விடுகிறார்கள். ஒரு குடத்துக்காக நாம் அரைத் தூக்கத்தில் வரிசையில் நின்றோமே, அந்தக் குழாயின் காலடியில் இவ்வளவு இருந்திருக்கிறது. பின் தெரு வீடுகளில் கிணறெல்லாம் வற்றிவிட்டது. ஒரு பெரியவர் தினமும் வந்து வாசலில் சண்டை போடுகிறார். வாட்ச்மேன் அவருக்கு நாற்காலி போட்டுக் கொடுக்கிறார், அதில் உட்கார்ந்து சண்டை போடுகிறார். எங்கள் ஷெட்டுக்கோ ஒரே டிரம். முகம் கழுவினால் கால் கழுவ முடியாது.

அம்மாவிடம் சொன்னேன். “ஏழு மாடிக்கு ஒரு குடம் தூக்கிட்டு வந்து அப்புறம் பேசுடா” என்றாள். அவள் முழங்காலை நானும் பார்த்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். யோசித்துப் பார், சாவியைக் கொடுத்துவிடுவதில்தான் என்ன தப்பு?

அண்ணன்


மார்ச் 9, ஞாயிறு

அண்ணா,

என்ன தப்பா? கேட்டதற்கு நன்றி.

இந்தச் சாவிக்காக அப்பா எத்தனை முறை வீடு ஒதுக்கும் ஆபீஸ் வாசலில் நின்றார் என்பதை மறந்துவிட்டாயா? அப்பா இந்த ஊருக்கு வந்ததே அவர் ஊரில் தண்ணீர் இல்லாமல்தான். இங்கே வந்து முப்பது வருஷம் கழித்து, தண்ணீர் இல்லை என்று இந்த வீட்டையும் விட்டுப் போனால் அடுத்து எங்கே போவார்?

கட்டடத்தில் தினமும் சண்டை. நேற்று அம்மாவுக்கும் மைக் அத்தைக்கும். (அத்தை தரைத்தளத்தில் இருந்தாலும் தும்மினால் நமக்குக் கேட்கிறது. அந்தப் பெயரை வைத்தவன் நீதான்.) அத்தை தன் வீட்டு வாசலில் பழைய தண்ணீரைக் குடம் குடமாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அம்மா குடத்தோடு படியில் நின்றாள்.

“எங்க வீட்டு அடுப்புக்குத் தண்ணி இல்ல. உங்க வீட்ல வாசல் குளிக்குதா?”

“அடியே, காத்து வேணும் காத்து வேணும்னு மேல் வீடு கேட்டு வாங்குனது யாரு? இப்ப காத்தைக் குடி.”

அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு படி ஏறினாள். அவ்வளவு பேர் முன்னால் அவள் பேசாமல் போனதை நான் பார்த்ததில்லை. நான் பிறந்தபோது மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது இந்த அத்தைதான். தெருவில் இருந்தபோது ஒரே கதவில் இரண்டு வீடு மாதிரி இருந்தோம். இப்போது நடுவில் படிகள் வந்துவிட்டன.

அத்தைக்கும் நிம்மதி இல்லை. இந்த இடம் முன்பு சதுப்பு நிலமாம். மண் கொட்டி மேடாக்கிக் கட்டியிருக்கிறார்கள். கீழ் வீடுகளில் சுவர் முழங்கால் உயரத்துக்கு ஈரம். குளியலறையில் தவளை. அவர் பையனுக்கு இருமல் நிற்பதே இல்லை. அவர்கள் சுவரில் தண்ணீர் யாரும் கேட்காமலே ஏறுகிறது. நம் குழாயில் கெஞ்சினாலும் ஏற மாட்டேன் என்கிறது. மேலே நமக்கு வேறு கதை. மொட்டை மாடி சூடு அப்படியே இறங்குகிறது. ராத்திரி சுவரில் கை வைத்தால் காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்டது போல் இருக்கிறது. வெளியே நிழலுக்கு ஒரு மரம் இல்லை.

நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்குக் காரணம் பயம் என்று நீ நினைக்கிறாய். பாதி சரி. புதுப் பள்ளியில் முதல் நாள் பெயரைக் கேட்டார்கள், வாய் வரவில்லை, எல்லாரும் சிரித்தார்கள். அதற்கு மறுநாளும் நான் போனேன். தண்ணீர் தூக்க ஆள் இல்லாததால்தான் மூன்றாவது வாரத்தில் நின்றேன். இதை உன்னிடம் சொல்லியிருக்கிறேனா என்று நினைவில்லை.

வியாழக்கிழமை எல்லாரும் காலிக் குடத்தோடு ஆபீசுக்குப் போகிறார்கள். எனக்கு அந்தக் கூட்டத்தில் நிற்க முடியாது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

உன் தங்கை


மார்ச் 14, வெள்ளி

அண்ணா,

நீ பதில் எழுதும் வரை காத்திருக்க முடியவில்லை. ஒன்று நடந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை.

நேற்று முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று, வால்வு திறப்பதற்கு முன்பே எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். அம்மாவும் லீவு போட்டுவிட்டுப் போனாள். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு குடம், இடுப்பில் ஒன்று. மைக் அத்தை பெரிய டிரம்மையே உருட்டிக்கொண்டு போனார், கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டாராம். கட்டடத்தில் மிஞ்சியது குழந்தைகளும் நடக்க முடியாதவர்களும் நானும்தான்.

நாலு மணிக்கு நம் குழாய் இருமவே இல்லை. நேராக வந்தது. கட்டை விரல் கனத்துக்கு வந்தது. பிடிக்க ஒன்றுமே இல்லை, எல்லாக் குடமும் ஆபீசுக்குப் போய்விட்டது. ஒரு குண்டானில் பிடித்துவிட்டு மூடினேன். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தேன், வந்தது. குழந்தைகளையெல்லாம் குளிப்பாட்டினேன். பத்து மணிக்கும் வந்தது. மத்தியானமும் வந்தது. நான் குழாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே இருந்தேன், பைத்தியம் மாதிரி.

மூன்று மணிக்கு அவர்கள் திரும்பினார்கள். எல்லார் முகமும் வெயிலில் கறுத்திருந்தது. ‘இன்னைக்கே வரும், போங்க’ என்று ஆபீசர் சொல்லி அனுப்பியிருக்கிறார். குழாயைத் திறந்தார்கள், வந்தது. ஏழு மாடியிலும் கைதட்டல். “ஒரு சத்தத்துக்கே ஆடிப்போயிட்டான் பாத்தியா” என்றார் தையல்காரர். மைக் அத்தைக்குத் தொண்டை கட்டி, கையாலேயே பேசிக்கொண்டிருந்தார். அம்மாகூடச் சிரித்தாள். நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன்.

இன்று விடிகாலை எல்லாரும் வழக்கம்போல் குடத்தை வைத்தார்கள். நேற்றுப் பிடித்ததை வாசலில் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடித்தார்கள். நம் குழாய் இருமி நின்றுவிட்டது. இப்போது ஆபீசர் ஏமாற்றிவிட்டார் என்று திட்டுகிறார்கள்.

ஆபீசர் ஒன்றும் தரவில்லை அண்ணா, ஒன்றும் நிறுத்தவும் இல்லை. குடங்கள் வீட்டில் இல்லாத அன்று எல்லாருக்கும் தண்ணீர் வந்தது. நான் நினைப்பது சரியா? யாரையாவது கேட்டுச் சொல்.

உன் தங்கை


மார்ச் 16, ஞாயிறு

முணுமுணு,

உன் கடிதத்தை மேஸ்திரி முன்னாலேயே படித்துவிட்டேன். டிரம்முக்கு டிக்கெட் கேட்ட இடத்தில் சிரித்துவிட்டேன், அரை நாள் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டார். அங்கேதான் குழாய் வேலைக்காரர் இருந்தார். அதனால் நல்லதே நடந்தது.

நீ நினைத்தது சரி. மாலையில் மேல் டேங்கை நிரப்புகிறார்கள். காலையில் திறந்தால் நாள் முழுக்க வர வேண்டிய தண்ணீர் அது. எல்லாரும் ஒரே நேரத்தில் திறந்தால் கீழே உள்ளவன் குழாய் இழுத்துக்கொள்ளும், மேலே உள்ளவனுக்கு வெறும் காற்று. விடிவதற்குள் டேங்க் காலி. அதோடு பாதியை மறுநாள் கொட்டுகிறீர்கள். “உங்க மோட்டார்காரன் ஏன் சொல்லல?” என்றார் அவர். சொன்னானே, வால்வைத் திருகி வைத்துவிட்டுப் பொய் சொல்கிறான் என்று அவனை அடிக்கப் போனார்களே. அம்மா அன்று வாசலில் சொன்னாள்.

யாரையும் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பழைய தெருவில் தண்ணீர் அரை மணி நேரம்தான் வரும். தூங்கினவனுக்கு அன்று ஒன்றும் இல்லை. நம் கையும் காலும் அப்படித்தானே பழகியிருக்கின்றன. லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். குழாய் எப்போதும் வரும் என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா? சாவியைக் கொடுத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், போனார்கள்.

நீ சொல். பார்த்தவள் நீ ஒருத்திதான். நானே வந்து சொல்வேன், அப்பா கதவைத் திறக்க மாட்டார். ஏழு மாடிக்கும் சொல்ல வேண்டாம், ஒருவரிடம் சொல். தரைத்தளத்தில் ஒரு மைக் இருக்கும்போது உனக்கு எதற்குத் தனியாகக் குரல்?

அண்ணன்


மார்ச் 18, செவ்வாய்

அண்ணா,

நேற்று இரண்டு முறை கீழே போனேன். முதல் முறை அத்தை வீட்டுக் கதவு மூடியிருந்தது. இரண்டாம் முறை திறந்திருந்தது. அதனால் திரும்பி வந்துவிட்டேன்.

நீ எளிதாக எழுதிவிட்டாய். “தண்ணி இல்லாததுக்குக் காரணம் நீங்கதான்” என்று வெயிலில் நின்று தொண்டை கட்டியவர்களிடம் எப்படிச் சொல்வது? அதுவும் அம்மாவோடு பேசாதவரிடம்? மோட்டார் அறைப் பூட்டை உடைக்க வேண்டும் என்று தையல்காரர் ஆள் சேர்க்கிறார்.

அம்மா பெரிய பாத்திரங்களைச் சேலையில் மூட்டை கட்டி மூலையில் வைத்துவிட்டாள். அப்பா அந்த மூட்டையைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு நடக்கிறார்.


மார்ச் 20, வியாழன்

பாப்பா,

இன்று வாசலில் அம்மா சொன்னாள், ஸ்டோர் ரூம் கேட்டுவிட்டாளாம், ஒன்றாம் தேதி வரச் சொன்னார்களாம். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

சாவியைக் கொடுத்தால் என்ன தப்பு என்று எழுதியிருந்தேன் அல்லவா, அந்த வரியை அடித்துவிடு. என் ஷெட்டில் ஆளுக்கு ஓர் ஊர். ஒருவனுக்குக் கிணறு வற்றிப்போனது. ஒருவனுக்கு மில் மூடிவிட்டது. ஒருவன் கடற்கரைக்காரன், வீட்டு வாசல்வரை கடல் வந்துவிட்டதாம். எல்லாரும் இங்கே வந்து யாருக்கோ வீடு கட்டுகிறோம். ராத்திரி சாப்பிட்டதும் ஒவ்வொருவனும் ஒவ்வொரு மூலைக்குப் போய் ஃபோனில் பேசுகிறான். “சாப்பிட்டியா, சாப்பிட்டியா” என்று எல்லா மூலையிலிருந்தும் கேட்கும். நாம் நாலு பேரும் அப்படி ஆகிவிடக் கூடாது.

உனக்கு வராததைச் செய் என்கிறேன். தெரிகிறது. ஆனாலும் சொல்கிறேன், போ.

அண்ணன்


மார்ச் 25, செவ்வாய்

அண்ணா,

சொல்லிவிட்டேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் மோட்டார் அறைக் குழாய்க்குப் போனேன். அத்தை வாசலில் குந்தியிருந்து ஒரு குடத்தைச் சாய்க்கப் போனார். என்னைப் பார்த்ததும், “என்னடி, உங்கம்மா தூது அனுப்பிட்டாளா?” என்றார். எனக்கு வழக்கம்போல் ஒன்றும் வரவில்லை. என்ன தோன்றியதோ, போய் அந்தக் குடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

“விடுடி.”

“அத்தை, இது நல்லாத்தானே இருக்கு.”

“நேத்துப் பிடிச்சதுடி.”

“நாளைக்குக் குழாய்ல வரப்போறதும் நேத்துத் தண்ணிதான் அத்தை. இன்னைக்குச் சாயங்காலமே மேல டேங்க்ல ஏத்திடுவாங்க. நீங்க பழசைக் கொட்டிட்டுப் பழசைத்தான் பிடிக்கிறீங்க.”

அத்தை குடத்தைச் சாய்ப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். நான் இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதில்லை. அந்தத் தைரியத்தில் மிச்சத்தையும் சொன்னேன். எல்லாரும் ஆபீசுக்குப் போன அன்று நாள் முழுக்க ஏழாவது மாடியில் வந்தது, அவர்கள் திரும்பி வரும் வரை நிற்கவே இல்லை என்று.

“ஆபீசர் விட்ட தண்ணி இல்லையா அது?”

“இல்ல அத்தை. நீங்க போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே வந்துச்சு.”

“அப்ப நான் தொண்டை கிழியக் கத்துனது?”

நான் தரையைப் பார்த்தேன்.

“டிரம்முக்கு வேற டிக்கெட் எடுத்தேன்டி” என்றார். பிறகு குடத்தை நிமிர்த்தி ஈரச் சுவரோரம் வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “உங்கம்மா முட்டி எப்படி இருக்கு?” என்று கேட்டார். மூட்டை கட்டி வைத்திருப்பதைச் சொன்னேன். ஒன்றாம் தேதியைச் சொன்னேன்.

சாயங்காலம் படிக்கட்டின் கீழே நின்று ஆரம்பித்தார். “நாளைலேருந்து எவளும் விடிகாலைல குடம் வைக்கக் கூடாது. வேணும்கிறப்ப திற, வேணும்கிறத பிடி, மூடு.” எல்லா மாடியிலும் தலைகள் எட்டிப் பார்த்தன. “நீ கீழ இருக்கே, உனக்கென்ன, பேசுவே” என்று ஒரு குரல். “யார் சொன்னது?” என்று இன்னொரு குரல். என் பெயரைச் சொல்லிவிடுவாரோ என்று கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். “நான் சொல்றேன். நம்பாதவ வந்து பாரு” என்றார். தன் வீட்டுக் குடம் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்து படிக்கட்டு ஓரம் கவிழ்த்து வைத்தார், அந்த டிரம்மையும் சேர்த்து. “வீட்டுக்குள்ள வந்து தேடிக்கோ. ஒரு சொம்பு அதிகமா இருந்தா கேளு.”

முதலில் எதிர்வீட்டுக்காரி தன் குடத்தைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். பிறகு ஒன்றிரண்டாக ஒவ்வொரு மாடியிலும் குடங்கள் வெளியே வந்தன. வைத்தவர்கள் வைக்காதவர்கள் வாசலில் போய் நின்றார்கள். தையல்காரர் மூன்றை வெளியே வைத்துவிட்டு ஒன்றைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்தார், அவர் மனைவியே இழுத்து வந்து வைத்தாள். நம் வீட்டுக் குடங்களை நான்தான் வைத்தேன். அம்மா, “கூத்து” என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள்.

மறுநாள் விடிகாலை நாலு மணிக்கு நம் குழாயில் வந்தது.

அம்மா அடுப்படியில் ஓடி வந்து நின்றாள். ஒரு நிமிஷம் வெறுமனே பார்த்தாள். அடுத்த நிமிஷம் மூலையிலிருந்த மூட்டையை அவிழ்த்தாள். அண்டாவில் பிடித்தாள், குண்டானில் பிடித்தாள், தட்டு முதல் அப்பாவின் சாப்பாட்டு டப்பா வரை பிடித்தாள். தம்ளர்களை வரிசையாக வைத்துப் பிடித்தாள். நான் பக்கத்தில் நின்று, “அம்மா, அது நிக்காது, அப்புறம் பிடிக்கலாம்” என்றேன். என் வழக்கமான குரலில் சொன்னேன், தண்ணீர்ச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

“அம்மா, போதும்.”

அது ஆறாவது மாடிக்குக் கேட்டதாம். பிறகு சொன்னார்கள். அம்மா திரும்பிப் பார்த்தாள். கையில் ஒரு கரண்டி இருந்தது, அதில்கூடத் தண்ணீர்.

“ஏன்டி, வர்றப்ப பிடிக்காம? எத்தன நாள் தூக்கியிருக்கே. நமக்குன்னு எவ பார்த்தா?”

அவள் சொன்னதும் உண்மைதானே. ஆனாலும் நான் போய்க் குழாய்க்கும் அவளுக்கும் நடுவில் நின்றுகொண்டேன். முதுகெல்லாம் நனைந்தது. அப்போது கீழேயிருந்து ஒரு சத்தம். ஏழு மாடியும் ஏறி வந்தது.

“மேல வருதாடி?”

யாரைக் கேட்கிறார் என்று சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது. காற்றைக் குடி என்று சொன்ன நாளிலிருந்து இருவரும் பேசவில்லை. மறுபடியும் கேட்டது. கீழே அவ்வளவு பேரும் குடத்தைத் தொடாமல் இந்தப் பதிலுக்காகத்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.

அம்மா என்னை விலக்கிவிட்டுக் குழாயை மூடினாள். வெளி வராந்தாவுக்குப் போய்க் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் குனிந்தாள்.

“வருது” என்றாள். பிறகு, “நீ பிடிச்சியா?” என்றாள்.

“எனக்கென்ன அவசரம்?” என்றது கீழே.

உன் தங்கை

பின் குறிப்பு: மூட்டையை அம்மா இன்னும் திரும்பக் கட்டவில்லை. நானும் கேட்கவில்லை.


மார்ச் 27, வியாழன்

அன்புள்ள தங்கைக்கு,

இந்த முறை பட்டப் பெயர் போடவில்லை, கவனித்தாயா?

உன் கடிதத்தை ஷெட்டில் சத்தமாகப் படித்தேன். மன்னித்துக்கொள். கரண்டியில் தண்ணீர் பிடித்த இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள், கடற்கரைக்காரன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் அம்மாவும் அப்படித்தானாம்.

இங்கே மோட்டார்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. பெரியவர் நேற்று வரவில்லை. நாற்காலி மட்டும் இருந்தது. உன்னைப் போல் ஒருத்தி இந்தப் பக்கம் பேச வந்தால் தேவலை, ஆனால் இங்கே யாரிடம் போய்ச் சொல்வது என்றே தெரியவில்லை.

ஒன்றாம் தேதி என்ன ஆகும்? அதை மட்டும் உடனே எழுது.

அண்ணன்


மார்ச் 30, ஞாயிறு

அன்புள்ள அண்ணா,

மணி ஏழு ஆகிறது. வெயில் அடுப்படிவரை வந்துவிட்டது. அம்மா இன்னும் தூங்குகிறாள்.

முதல் இரண்டு நாள் நாலு மணிக்கு எழுந்து குழாயைத் திறந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தே இருந்தாள். நம்பிக்கை வரவில்லை. நடுநடுவே சொட்டு விட்டுப் பார்ப்பாள். மூன்றாம் நாள் படுத்தபடியே என்னைப் பார்க்கச் சொன்னாள். தையல்காரர் வீட்டில் மட்டும் ஒருநாள் குடம் உள்ளே போயிருக்கிறது. மைக் அத்தை அதைப் பற்றிப் பேசிய பேச்சு பஸ் நிறுத்தம்வரை கேட்டது, இப்போது வெளியே வந்துவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். லிஃப்ட் ஓடவில்லை, சூடு குறையவில்லை, அத்தை வீட்டுச் சுவர் காயவில்லை. அதற்கும் ஒருநாள் ஆபீசுக்குப் போக வேண்டும் என்கிறார்கள். அப்போது நானும் போவேன் என்று நினைக்கிறேன், ஓரமாக நிற்பேன்.

ஸ்டோர் ரூம் வேண்டாம் என்று அம்மா வெள்ளிக்கிழமையே பள்ளியில் சொல்லிவிட்டாளாம். நம்மிடம் சொல்லவில்லை. நேற்று அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், படிக்கட்டில் எனக்குக் கேட்டது.

அப்பா இப்போதுதான் எழுந்து வந்தார். அம்மாவைப் பார்த்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார், சத்தம் கேட்டுவிடும் என்று. முகம் கழுவினார். குழாயை மூடிவிட்டு அங்கேயே நின்றார். பிறகு என் பக்கம் குனிந்து, அவளை எழுப்பிவிடாத குரலில் கேட்டார்.

“அவனுக்கு அங்க குளிக்கத் தண்ணி வருதாமா?”

எனக்குப் பதில் தெரியும். முகம் கழுவினால் கால் கழுவ முடியாது என்று நீதான் எழுதினாயே. ஆனாலும் தெரியாது என்று தலையாட்டிவிட்டேன். இந்த ஒரு கேள்விக்கு நீயே ஏழு மாடி ஏறி வந்து பதில் சொல்.

உன் தங்கை